ரிப்பனில் நின்ற வரிசை

ஆள் நடமாட்டம் குறைந்த வீட்டுக்கு இங்க்ஜெட் பிரிண்டர் ஆகாது, இன்ஸ்பெக்டர் மேடம். வாங்குகிற எண்ணமிருந்தால் சொல்லி வைக்கிறேன். வாரம் ஒரு படமாவது போடாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். மஸ்கட்டிலிருந்து என் மகள் ஜான்சி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போட்டோ அனுப்புவாள். அதைப் போட்டால் அவள் முகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். எனக்கு அழுகை வந்துவிடும்.

அதனால்தான் டை-சப்ளிமேஷன் வாங்கினேன். அதில் மை கிடையாது, ரிப்பன். மஞ்சள், சிவப்பு, நீலம், மேலே ஒரு பூச்சு என்று தாள் நான்கு முறை போய்வரும். மரக்காணம் உப்புக்காற்றில் இரும்புக் கதவே பொரிந்து உதிர்கிறது, அந்தப் படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. கையகலத்துக்கு மேல் வராது, அது ஒன்றுதான் குறை.

உப்பளத்தில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நானும் என் மனைவி சவரியம்மாளும்தான். அவளுக்கு இளைப்பு. ஜான்சி எப்போது வருவாள் என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சே கிடையாது. போனில் கேட்டால், "லீவு இல்லப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பாள். மூன்று வருஷமாக அதே அடுத்த வருஷம்தான். ஆனால் என் அண்ணன் செத்த மறுநாளே வந்து நின்றாள். திருவிழாவுக்குத் தராத லீவைச் சாவுக்குத் தருகிறார்கள்.

வியாழக்கிழமை சவரியம்மாளின் நல்ல படமாகப் பார்த்து, சிலுவை வைத்து, மறைவு என்று மறுநாள் தேதி போட்டு, பிரிண்டரில் எடுத்து வைத்தேன். சாவு வீட்டில் அதற்கெல்லாம் அலைய ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டு மேரிசெல்வி தன் குழந்தையைச் சவரி மடியில் வைத்துப் படமெடுத்து, "மாமா, ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் சவரியின் இன்ஹேலரை அலமாரி உச்சியில் வைத்தேன். அவள் கைக்கு எட்டாது. அப்படியே உப்பளம் வரை நடந்துவிட்டு வந்தேன்.

ஜான்சி வந்தாள். பன்னிரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். பதிமூன்றாம் நாள், அம்மா படம் இன்னொன்று வேண்டுமென்று பிரிண்டரைத் திறந்தாள். இங்க்ஜெட் எதையும் வைத்துக்கொள்ளாது. ரிப்பனில் போட்ட படமெல்லாம் பிலிம் நெகட்டிவ் மாதிரி வரிசையாக நிற்கும். சிலுவையோடு அம்மா முதலில். குழந்தையை வைத்துக்கொண்டு சிரிக்கிற அம்மா அதற்குப் பிறகு. அந்தப் படம் எப்போது எடுத்தது என்று மேரிசெல்வி ஏற்கெனவே அவளிடம் சொல்லி அழுதிருந்தாள்.

"ஏம்பா, அம்மா உசுரோட இருக்கும்போதே இத போட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். பிள்ளையிடம் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இனி அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்கிறீர்கள். வழக்கு என்று நடந்தால் சாட்சி சொல்ல வந்துதானே ஆகவேண்டும், மேடம்? அதற்கும் லீவு தருவார்கள்.