வெள்ளியில் இரண்டு மணித்தியாலம்

வெள்ளவத்தையில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள்.

“வெள்ளிக் கிரகத்தில இறங்கிற மெஷின் ரெண்டு மணித்தியாலம் தாங்கிறதே பெரிசாம்” என்றார் ஜன்னலோரத்தவர்.

“பிறகேன் அனுப்புறாங்கள்? நட்டம்தானே” என்றார் மற்றவர்.

“நானும் அதைத்தான் கேட்டனான். மகள் வெளிநாட்டில அந்தக் கோளைப் பற்றித்தானே படிக்கிறாள். ‘கிட்டப் போய்ப் பாக்காமல் அது கூடாத கோள் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது’ எண்டாள்.”

“நியாயம்தானே.”

“ஓம். அவள் விரும்பின தெஹிவளைப் பெடியனையும் நான் போய்ப் பாக்கேல்லை. சாதகத்தில சுக்கிரன் பிழை எண்டு சொல்லி நிப்பாட்டினனான். சுக்கிரன் எண்டா இதே வெள்ளிதான்.”

“சாத்திரியார் சொன்னா நீர் என்ன செய்யிறது?”

ஜன்னலோரத்தவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால்தான் பின்சீட்டுக்கு நன்றாகக் கேட்கிறது.

“சாத்திரியார் பொருந்துது எண்டுதான் சொன்னவர். பெடியன்ர தகப்பன் ஊரில சலூன் வைச்சிருந்தவர்.”

நான் என் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு சாதகம் இப்படித்தான் பொருந்தாமல் போனது.

பஸ் பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டியது.

“பிள்ளைக்கு உண்மை தெரியுமோ?”

“தெரியாது. நான் சுக்கிரனில பழியைப் போட்டன். அவள் போய் அதையே படிக்கிறாள்.”

“இனியாவது சொல்லிப்போடும்.”

“சொன்னா அவள் பிறகு என்னோட கதைப்பாளோ?”



“மெஷின் திரும்பி வருமெண்டு நினைச்சோ அவங்கள் அனுப்புறாங்கள்?” என்றார் மற்றவர்.