மாந்தோப்பு மணி

பாறையில் கிணறு வெட்டினேன். பழைய லாரி இஞ்சினை வைத்துத் தண்ணீர் இறைத்தேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான்தான் முதலமடை மாந்தோப்பில் திருடரைக் காட்டிக்கொடுக்கும் மணியும் செய்து வைத்தேன். வாசலின் குறுக்கே ஓடும் வெளிச்சத்தை ஆள் மறைத்தால் மணி அடிக்கும்.

நேற்று பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அந்தத் தோப்பு வேலைக்காரப் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள் மாசமாக இருந்தாள்.

“அந்த மணி நம்ம எலும்பைப் பாத்துட்டுத்தான் அடிக்குதுங்கக்கா.”

“ஆரு புள்ள சொன்னது?”

“காவக்காரருங்க. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் இதும் ஒண்ணுதானாம். மாசமா இருந்தா எக்ஸ்ரே ஆகாதுன்னு நர்சம்மா சொல்லலீங்களா? நான் குறுக்கே நடந்துட்டனே!”

“அங்க உனக்கென்ன வேலை?”

“புளிப்புக்கு நாக்கு கேட்டுச்சுங்க. ஒரே ஒரு மாங்காய்.”

மூத்தவள் சிரித்தாள். “திருடிக்குப் பொறக்கறது போலீசாத்தான் இருக்கும், போ.”

“சிரிக்காதீங்கக்கா. கண்ணில்லாமப் பொறந்தா என்ன பண்ணுவேன்? சோறே எறங்கலீங்க. அவருகிட்டச் சொல்லவும் பயமாயிருக்குது.”

மூத்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது. “கோயமுத்தூர் இஞ்சினியரு செஞ்சதுன்னு வாசல் பலகையில எழுதியிருக்குதாம். அவரை எங்க போய்த் தேடிக் கேக்கறது?”

நான் கம்பியைப் பிடித்து எழுவதற்குள் கோபாலபுரத்தில் இறங்கிப் போய்விட்டார்கள்.

அது எக்ஸ்ரே அல்ல, வெறும் பல்பு வெளிச்சம். வயிற்றுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது. இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டுப் போனவர், செய்தவன் நான். தோப்புக்காரர் இன்றைக்கே அந்தப் பலகையில் என் பெயரையும் ஊரையும் எழுத வேண்டும். பயந்தவள் என்னிடம் வந்து கேட்கட்டும்.