குரல்திருடனின் ஒன்பது வரிகள்

டீ நன்றாகவே இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நேற்று நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

நான் குழந்தைகளுக்கு வீடியோ கேம் செய்கிறவன். சிறகன் என்று ஒரு சூப்பர் ஹீரோ. ஆறு வயதிலிருந்து ஆடலாம். ரத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. அடி வாங்கியவன்கூடத் தலையைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விடுவான். அந்த விஷயத்தில் நாங்கள் ரொம்பக் கறார்.

சனிக்கிழமைகளில் குழந்தைகளை ஆபீசுக்கு வரவழைத்து ஆடவிடுவோம். யார் எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்று நான் பின்னால் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் எழுந்தது ஒரே காரணத்துக்காக: வெளியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அவ்வளவுதான், அதற்குமேல் உலகத்தைக் காப்பாற்றுவதாவது ஒன்றாவது. இரண்டு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் வில்லனை மாற்றினேன். புது வில்லனின் பெயர் குரல்திருடன். அம்மா மாதிரியே கூப்பிடுவான். அதை நம்பிப் பட்டனிலிருந்து விரலை எடுத்தால் சிறகு உதிர்ந்துவிடும். எடுக்காமல் தாக்குப்பிடித்தால் மூன்று நட்சத்திரம்.

அடுத்த சனிக்கிழமை ஒரு குழந்தைகூட எழவில்லை. முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படம் வரைகிற பெண் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"சார், வீட்டுல நிஜமாவே ஒரு அவசரம்னு அம்மா கூப்பிட்டா குழந்தை என்ன பண்ணும்?"

கேட்டாளே ஒழிய, பதில் அவளுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

திருடனுக்குக் குரல் கொடுத்தது என் தங்கை. எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். நான் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டாள். ஒன்பது வரிகள் எழுதிக் கொடுத்தேன். 'கண்ணு, இங்க வா', 'அம்மாவுக்கு வலிக்குதுடா', இப்படி. பேசும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வில்லனுக்கு என் குரல்தான் கிடைச்சுதாண்ணா?" என்றாள். அவள் மகனுக்கு இது தெரிய வேண்டாம், ஆடும்போது அவனே கண்டுபிடிக்கட்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேமை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் வெளியூர் போயிருந்தார். பையனுக்கு ஆறு வயது. மாமா செய்த கேம் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தான். நானும் அவனும் கூடத்தில் உட்கார்ந்தோம். தங்கை பின்னறையில் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து பழைய நிலைக்கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூல் சரிந்தது கேட்டது. கண்ணாடி உடைந்ததும் கேட்டது. பிறகு அவள் கூப்பிட ஆரம்பித்தாள்.

நேற்று நான் என்ன எழுதினேன்? குரல் கேமிலிருந்து வருகிறது என்று நானும் ஏமாந்துவிட்டேன், பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதினேன். தொடையில் ரத்தக்குழாய் அறுந்திருந்தது, யாராவது ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். பையனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அப்பா மட்டும் இன்னும் அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பிழை அங்கேதான். பையன் திரும்பினான் சார். நாலாவது தடவை கூப்பிட்டபோது, விரலை எடுக்காமல் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"மாமா, இது திருடனா, எங்கம்மாவா?"

முகம் வெளுத்துப் போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பதில் சொல்லிக் கொடுத்தால் அது அவன் எடுத்த முடிவாகாது. அத்தனை நாள் காத்திருந்தது வீணாகிவிடும். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"சிறகன் என்ன பண்ணுவான்?"

கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். மூன்று நட்சத்திரமும் வாங்கினான். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

எனக்கும் சந்தேகம் இருந்திருக்கும், குழம்பிப் போயிருப்பேன் என்று நீங்கள் பெருந்தன்மையாக எழுதப் பார்க்கிறீர்கள். வேண்டாம் சார், அதுவும் பிழையாகிவிடும். அந்த ஒன்பது வரியும் என் கையால் எழுதியவை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசி மூன்று தடவை அவள் மகனைக் கூப்பிடவில்லை. அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். ஒன்பதில் எந்த வரியிலும் அந்த வார்த்தை இல்லை.