அம்மா சாய்ந்த சுவர்

இந்த அறைக்கு மேற்கே ஜன்னல் வைத்தவர் யாரோ தெரியவில்லை. மாலையானால் உங்களுக்குக் கண் கூசும். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. நிதானமாகவே சொல்கிறேன்.

என் அம்மாவைத் தெரியாத கட்டிடக் கலைஞர் கிடையாது. நானும் கட்டிடக் கலைஞர்தான். தலை நரைத்த பிறகும் அலுவலகத்தில் எனக்குப் பெயர் 'பாப்பா'. நான் வரைந்த நூலகத்தின் திறப்பு விழாவில் அம்மாவுக்கு மாலை போட்டார்கள். அம்மா மறுக்கவில்லை. காரில் வரும்போது, "உன் பேரைப் போட்டிருந்தா யாருடி வந்திருப்பா?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார்.

பிறகு அவருக்குப் பார்வை போனது. வெளியே மூச்சு விடக் கூடாது என்றார். அன்றிலிருந்து நான்தான் அவருக்குக் கண். அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்ததுதான் இசைக் கல்லூரிக் கட்டிடம். மாடிப்படி முடியும் இடத்தில் இடுப்பளவுக்கு ஒரு கைப்பிடிச் சுவர் கேட்டார். ஏறி வருகிறவர்கள் சாய்ந்து மூச்சு வாங்க வேண்டுமாம். வரைந்தேன். மேஸ்திரியிடம் மட்டும், அதைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன்.

சாரம் பிரித்ததும் அம்மா கட்டிடத்தைப் பார்க்க வந்தார். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்தச் சுவர் வர வேண்டிய இடத்தில் மேஸ்திரி கட்டியிருந்த தடுப்புக் கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். புகைப்படம் எடுக்க இடைஞ்சலாக இருந்தது.

மேலே வந்ததும் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"சுவர் கட்டியாச்சா?"

"நீங்க சொன்ன மாதிரியேம்மா. வலது கைப்பக்கம்."

நான் தள்ளவில்லை, ஐயா. தொடக்கூட இல்லை. தான் நினைத்த இடத்தில் தான் நினைத்த சுவர் இருக்கும் என்று சாய்ந்தார். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருந்தது.

நான் கீழே இறங்கிப் போனபோது அவருக்கு உயிர் இருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டு, "நான் தப்பாச் சொல்லிட்டேனாடி?" என்றார்.

"ஆமாம்மா. உங்க அளவு தப்பு."

அந்த முகத்தில் அதுவரை சந்தேகம் வந்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு அடங்கிய பிறகுதான் ஆளைக் கூப்பிட்டேன்.

காரியம் முடிந்த கையோடு அந்தச் சுவரைக் கட்டச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் ஏறி இறங்கும் இடம். யாருக்கும் ஆபத்து வரும்படி நான் ஒரு கட்டிடத்தை விட்டுவைத்ததில்லை, ஐயா. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.