நடுச்சுவர்க் கதவு

இந்த அறைக்கு ஜன்னல் வைத்தவர் கைகாரர். மத்தியான வெளிச்சம் மேசைவரை வருகிறது, கண்ணைக் குத்தவில்லை. எதிரே எவனாவது ஒரு மாடி எழுப்பினால் அத்தனையும் போய்விடும். கவனமாக இருங்கள், முதல்வர் அவர்களே. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது, அதனால் சொன்னேன்.

விசாரணைக் குழு கூப்பிட்டிருக்கிறது என்றதும் என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. நான் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். செய்ததைச் சொல்லப்போகிறேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது. நீங்கள் கதை கேட்பது போலக் கேட்டுக்கொண்டால் போதும்.

நான் நடத்துவது வசதியுரிமைச் சட்டம். ஒருவர் நிலத்தின்மேல் பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கும் உரிமைகள். நடக்கிற வழி, ஜன்னலுக்கு வரும் வெளிச்சம், மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். மனித நாகரிகமே இதில்தான் நிற்கிறது என்று நான் நம்புகிறேன். மாணவர்கள் என்னைச் 'சாக்கடை சார்' என்று கூப்பிடுகிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் கல்லூரியின் பாடத் தேர்வு நாள் உங்களுக்குத் தெரிந்ததுதான். இறுதியாண்டுக்காரர்கள் விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க, ஆசிரியர்கள் எல்லோரும் நடைபாதையில் மேசை போட்டு உட்கார வேண்டும். பிள்ளைகள் வந்து, காய்கறி வாங்குகிறவர்கள் அமுக்கிப் பார்ப்பதுபோல நம்மை அமுக்கிப் பார்ப்பார்கள். இதோ உட்கார்ந்திருக்கிறாரே குற்றவியல் அம்மையார், இவர் ஒரு துருப்பிடித்த கத்தியை மேசையில் வைத்தாலே போதும், வரிசை படிக்கட்டைத் தாண்டும். நான் அட்டையில் இரண்டு வீடு செய்து, நடுவில் ஒரு சாக்கடையும் செய்து, அதில் நீல மையும் ஊற்றி வைத்துக்கொண்டு ஈ ஓட்டினேன். போன வருஷம் எனக்குக் கிடைத்தது மூன்று பேர். ஒருவன் வகுப்பில் தூங்குகிறவன். ஒருவன் வரிசை மாறி நின்றவன். மூன்றாமவள் என் மச்சினியின் மகள், அவளையும் என் மனைவிதான் மிரட்டி அனுப்பினாள்.

அப்போதுதான் முதல்வர் அவர்களே, நீங்கள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அடுத்த முறை பத்துப் பேர் சேராவிட்டால் பாடத்தை எடுத்துவிடுவோம், நீங்கள் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். இந்தப் பாடம் போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

யோசித்துப் பார்த்ததில் குறை பாடத்தில் இல்லை என்று புரிந்தது. குற்றவியல் மாணவர்கள் சிறைக்குப் போய்ப் பார்க்கிறார்கள். குடும்பச் சட்ட மாணவர்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, கண் கலங்கித் திரும்புகிறார்கள். என் பிள்ளைகளுக்கு நான் எதைக் காட்டுவது. நான் குடியிருக்கும் தெருவுக்கு எதிரேதான் மாணவர் விடுதி. அதன் பால்கனியில் நின்றால் எங்கள் தெரு முழுவதும், கொல்லைப்புறங்கள் வரைக்கும் தெரியும். அந்தத் தெருவில் ஒரு சச்சரவும் இல்லை. அத்தனை பேரும் ஒற்றுமையாக இருந்து என் பாடத்தைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் எங்கள் தெருத் தையற்காரர் மொட்டைமாடிக்குப் போய், மழைத் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் திருப்பிவிட்டேன். பட்டப்பகலில்தான் போனேன். கழுத்தில் டை கட்டிய பேராசிரியர் ஏணியில் ஏறினால், ஏதோ ஆராய்ச்சி என்று நினைத்து ஏணியையும் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் முழுவதும் பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் மாவு மூட்டைமேல் இறங்கியது. பிறகு ரொட்டிக் கடைப் பெயர்ப்பலகையை அடுத்த கொக்கிக்கு மாற்றினேன். தையற்காரர் ஜன்னல் இருண்டு, ஊசியில் நூல் கோக்க அவர் தெருவுக்கு வர வேண்டியதாயிற்று.

அப்போதும் இருவரும் சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள். எனவே நான் சட்ட ஆலோசனை சொன்னேன், இருவருக்கும் இலவசமாக, தனித்தனியாக. இன்று நீங்கள் பேசாமல் இருந்தால், பல வருஷம் தடையில்லாமல் அனுபவித்தேன் என்று சொல்லி அதையே அவர் உரிமையாக்கிக்கொள்வார் என்றேன். அதைத் தடுக்க இரண்டே வழி. ஒன்று, மறித்து நிறுத்துங்கள். இல்லையென்றால் வாய்விட்டு அனுமதி கொடுங்கள். வாங்க என்று கூப்பிட்டுவிட்டால் வந்தவர் விருந்தாளி. விருந்தாளிக்கு உரிமை வராது. இது அத்தனையும் சரியான சட்டம். ஒரு வார்த்தை பொய் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தெரு தானாகவே படித்துக்கொண்டது. தன் வாசலை ஒட்டி நடப்பவர்களிடமெல்லாம் தையற்காரர், "என் அனுமதியோடதான் நடக்கிறீங்க, ஞாபகம் வச்சுக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். என் ரொட்டி வாசனையை இத்தனை வருஷம் ஓசியில் அனுபவித்தாய் என்று ரொட்டிக் கடைக்காரர் கேட்டார். அனுபவிக்கவில்லை, பொறுத்துக்கொண்டேன் என்று தையற்காரர் பதில் சொன்னார். சுவர் தாண்டிய பந்துகள் திரும்பி வரவில்லை. விடுதிப் பால்கனியில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். இந்த முறை பாடத் தேர்வு நாளில் என் மேசைக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். குற்றவியல் அம்மையார் தன் கத்தியைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பல் டாக்டர் ஒருவர்தான் ஒத்துழைக்கவில்லை.

அவர் என் பக்கத்து வீடு. மனைவியை இழந்தவர், பற்களைப் பிடுங்குவதிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. இருபது வருஷத்துக்கு மேலாகச் சாயங்காலமானால் அந்தக் கதவு வழியாகப் போய், அவர் வீட்டுப் பின்பக்கக் கொடிப்பந்தலின் கீழ் சதுரங்கம் ஆடுவேன். மோசமாக ஆடுவார். ஆனால் 'செக்' என்று தெருமுனைவரை கேட்கும்படி சொல்வார். அவர் வாசலில் யார் குப்பை விழுந்தாலும், போகட்டும் விடுங்க என்பார். இப்படி ஒரு ஆள் தெருவில் இருந்தால் பாடம் எப்படி நடத்துவது.

நடைவழி உரிமைக்கு எனக்கு இன்னும் ஒரு வழக்கு கிடைக்கவில்லை. எனவே அவர் கொடியை அறுத்துவிட்டுப் பழியைத் தையற்காரர்மேல் போட முடிவு செய்தேன். அது அவர் மனைவி நட்ட கொடி என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். வேறெதற்கும் அவருக்குக் கோபம் வராது, கோபம் வந்தால்தான் தன் வாசலில் தையற்காரர் நடப்பதை மறிப்பார்.

முக்காலிமேல் ஏறி, ரம்பத்தால் பாதி அறுத்தபோது அவர் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார். இரண்டு கோப்பைகள் இருந்தன. என்னைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார்.

"இறங்கும்போது பாத்து இறங்குங்க சார்," என்றார். "முக்காலி ஒரு கால் ஆடும்."

அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. பால்கனியில் நின்ற பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு குழாய், பலகை, ஏணி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எலியும் பூனையுமாக இருந்த தையற்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்து, அந்தச் சின்னக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஒருவர் கல் எடுத்துக் கொடுக்க ஒருவர் பூசினார். இத்தனை அழகான சமரசத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் என்னை இங்கே கூப்பிட்டதும் அவர்கள் கொடுத்த புகாரின்மேல்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நடைவழி அடைக்கப்பட்டுவிட்டது. எனக்கு வழக்கு கிடைத்துவிட்டது. பாடத் திட்டம் பூர்த்தியானது. நானே வாதியாக வழக்குத் தொடுத்தேன். நாற்பது பிள்ளைகளையும் நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய் வரிசையாக உட்கார வைத்தேன்.

கேள்வி சுலபமானது. அந்தக் கதவு வழியாக நான் உரிமையோடு நடந்தேனா, அவர் கூப்பிட்டு நடந்தேனா. கூப்பிட்டார் என்றால் நான் விருந்தாளி, வழக்கு தோற்கும். நான் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். அவர் ஒருநாளும் என்னை வாங்க என்று கூப்பிட்டதில்லை. நான் நட்புக்காகப் போனதில்லை. அந்தச் சதுரங்க நாற்காலி வரைக்கும் என் சொந்த அதிகாரத்தில் நடந்தேன். குரல் நடுங்காமல் சொன்னேன். மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து டாக்டரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"கூப்பிடாம எப்படி வருவாரு? தினமும் வாங்கன்னுதான் சொல்வேன். கதவை அடைச்சது அக்கம்பக்கத்துக்காரங்க செஞ்சது, எனக்குப் பிடிக்கல. இப்பவும் முன்வாசல் வழியா வந்தா வாங்கன்னுதான் சொல்வேன்."

பின்வரிசையில் என் மச்சினி மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று தெரிந்தது. வழக்கு தோற்றது. மேல்முறையீடு செய்திருக்கிறேன்.

குற்றவியல் அம்மையார் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், இது உங்கள் பாடம். குழாய், பலகை, கொடி எல்லாம் நான்தான். சத்தியம் செய்து சொன்னதும் பொய்தான். அவர் தினமும் கூப்பிட்டார். மழை நாளில் குடையோடு கதவுவரை வந்து கூப்பிட்டார். சட்டம் நிலைக்க வேண்டும் என்பதற்காக ஒரு சின்ன விவரத்தை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

நேற்று என் மனைவி, "பேசாம வழக்கை வாபஸ் வாங்கிட்டு முன்வாசல் வழியாப் போயிட்டு வாங்களேன். அம்பது அடிகூட இருக்காது," என்றாள். பாவம், அவளுக்குச் சட்டம் தெரியாது. ஒரே ஒருமுறை அவர் கூப்பிட்டு நான் போய்விட்டால், மேல்முறையீடும் போய்விடும்.

பாடத்தை எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். எனக்கு நேரமாகிறது, வெளிச்சம் மேசையை விட்டு இறங்கிவிட்டது. இந்த நேரத்துக்கு அவர் அறுந்த கொடிக்குக் கீழே காய்களை அடுக்கிவிட்டு, சுவருக்கு மேலாக எட்டி, "வாங்க சார்" என்று கூப்பிடுவார். நான் அதை ஏற்கவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமல்லவா. அதனால்தான் தினமும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் கூப்பிடும்போது போகாமல் இருக்க வேண்டுமென்றால், நான் அங்கே இருந்தாக வேண்டும்.