எட்டாம் வாரத்து மணல்

வெள்ளரிக்காயை முழுதாக வாங்குகிறவனை எங்கள் தெருவில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். இருக்கிற விலைவாசியில் பாதி போதாதா இவனுக்கு? ஒன்று சொத்து வந்திருக்க வேண்டும், இல்லை கடலுக்குள் எண்ணெய்க் கிணறு இருக்க வேண்டும். மலிவான பன்றி இறைச்சி வாங்க மற்றவர்கள் எல்லை தாண்டி சுவீடனுக்குக் கார் ஓட்டுகிறார்கள். அந்தப் பெட்ரோல் காசில் ஒரு பன்றியைக் கல்லூரி வரை படிக்கவைக்கலாம் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். முப்பத்தாறு வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒட்வார் சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என்னைப் பற்றித் தெருவே சொல்லும்.

மின்சாரத்தின் விலை எங்களுக்கு மணிக்கு மணி மாறும். போனில் அது இறங்கும் நேரம் பார்த்துத் தெருவே ஒன்றாகத் துணி துவைக்கும். விலை ஏறிய ஒரு நாளில் நாலாம் வீட்டுக் குடும்பம் கெட்டிலைச் சுற்றி உட்கார்ந்து முறைத்தே தண்ணீரைக் கொதிக்கவைத்ததாகக் கேள்வி.

எனக்கு அந்தக் கவலை இல்லை. எனக்குச் சுவர் இருந்தது.

எங்கள் வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக் கட்டியவை. சுவருக்கு அந்தப் பக்கம் போர்கில்ட். எண்பத்தொரு வயது. வடக்கே மீன்பிடி ஊரில் பிறந்தவர். குளிரைச் சொந்த விரோதியாக நினைப்பவர். வீட்டை இருபத்தைந்து டிகிரிக்குக் குறையாமல் வைத்திருப்பார். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போகும். இது நான் போட்ட சட்டம் அல்ல. அந்தச் சுவரோரம் என் கட்டில், என் சோபா, ரொட்டிக்குப் பிசைந்த மாவு. பதினொரு குளிர்காலமாக நான் ஹீட்டரைத் தொட்டதில்லை.

அவருக்கும் தெரியும்.

"ஏய் ஒட்வார், சோபாவ என் சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்கியே, வாடகை எப்பக் குடுக்கப் போற?"

"வாஃபிள் சுட்டுக் கொண்டாரேன்ல, அதுல கழிச்சுக்குங்க."

"அதுலயும் முட்டையில கை வச்சுட்ட. அட்டையக் கடிக்கிற மாதிரி இருக்கு. கஞ்சப் பிசினாறி."

நல்ல மனுஷி. ஜனவரியில் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது சொன்னார்.

"நான் கெளம்பறேம்ப்பா. ஸ்பெயின்லேருந்து யோருன் கூப்புட்டுக்கிட்டே இருக்கா. பெத்த பொண்ணு, எத்தன தடவதான் வேணாம்னு சொல்றது? ஒம்பதாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டாச்சு. இனிமே அங்கதான்."

"அப்ப வீடு?"

"கொழா ஒறையாத அளவுக்கு மட்டும் ஹீட்டர வச்சுட்டுப் பூட்டிருவேன். நீயும் வாயேன். அங்க ஒரு ரூம் சும்மாக் கெடக்கு. வெயிலுக்குக் காசே கேக்க மாட்டாங்க."

டிக்கெட் என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். பேச்சை மாற்றினேன்.

பனி தள்ளி, வழுக்காமல் மணல் தூவுகிற வேலை எங்கள் தெருவில் வாரம் ஒரு வீட்டுக்கு. வருஷத்தை நாங்கள் வாரக் கணக்கில்தான் எண்ணுவோம்; பிப்ரவரியில் வருகிற எட்டாம் வாரம் பள்ளி விடுமுறை. தெருவே மலைக் குடில்களுக்குப் பனியில் சறுக்கப் போய்விடும். அந்த வாரத்துக்கு ஆள் பிடிக்கக் குடியிருப்போர் சங்கத் தலைவர் டாக்ஃபின் வருஷா வருஷம் வீடு வீடாகக் கெஞ்சுவார். இந்த முறை நானே போய்க் கேட்டேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

பதினேழு வீட்டு வாசலிலும் ஒழுங்காக மணல் தூவினேன். யாருமில்லாத வீடுகளுக்கும் தூவினேன். பூனைகள் குறுக்கே போகும் தடத்துக்குக்கூடத் தூவினேன். போர்கில்டின் மூன்று படிகளை மட்டும் விட்டேன். மறதி என்று எனக்காக நீங்கள் வாதாட நினைக்கலாம். நன்றி. ஆனால் மறதிக்காரன் முந்தின நாள் சாயங்காலம் அதே படிகளில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டான். நல்ல தண்ணீர் இல்லை, உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர்தான். வீணடிப்பது எனக்குப் பிடிக்காது. மேலே லேசாகப் பனி தூவி இயற்கையும் ஒத்துழைத்தது.

காலை எட்டரைக்கு அவர் பேப்பர் எடுக்க வருவார். வந்தார். "ஒட்வார்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார், இரண்டாவது கொஞ்சம் மெதுவாக. அப்போதுதான் கோப்பையில் காப்பி ஊற்றியிருந்தேன். காப்பி இன்று விற்கிற விலையில் அதை ஆறவிடுகிறவனை என்னவென்று சொல்வது? குடித்து முடித்து, இருக்கிற இரண்டு கோட்டுகளில் பழையதை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் போர்த்தினேன். உறைநிலைக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேள, நீ ஊர்ல இருந்த."

இடுப்பெலும்பு முறிந்தது. பயணம் நின்றது. மூன்று வாரத்தில் வீடு திரும்பினார். உடம்பைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. இருபத்தேழு டிகிரி. என் ஜன்னலோரச் செடி பதினைந்து வருஷத்தில் முதல் முறையாகப் பூத்தது.

மே மாதம் தெருக்காரர்கள் எல்லாரும் கூடி இலை வாரிச் சுத்தம் செய்யும் நாளில் டாக்ஃபின் என் தோளில் கை போட்டு நிறுத்தினார்.

"ஒட்வார் மாதிரி ஒருத்தர் பக்கத்து வீட்ல இருந்தா ஸ்பெயின் எதுக்குங்க?"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாஃபிள் கொண்டுபோய்க் கொடுத்ததற்கெல்லாம் கைதட்டு வாங்குவது கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் நிஜமாகச் செய்தது எது என்று உங்களிடமாவது சொல்லிவைக்கிறேன். ஆமாம், நான்தான் செய்தேன்.

அன்று போர்கில்டும் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"அடுத்த ஒம்பதாம் வாரம் நான் போறேன், பாத்துக்கிட்டே இரு. இந்தத் தடவ எவன் தடுக்கறான்னு பாப்போம்."

கலகலவென்று சிரித்தோம். டாக்ஃபின் அடுத்த குளிர்காலத்து முறைப் பட்டியலை மேஜைமேல் விரித்தார். அவர் கெஞ்ச ஆரம்பிக்கும் முன்பே எட்டாம் வாரத்துக்கு நேரே என் பெயரை எழுதினேன். தள்ளாத வயதில் இருக்கிற ஒரு மனுஷியின் வாசற்படியை, அக்கறை இல்லாத யாரோ ஒருவரிடம் எப்படி ஒப்படைப்பது?