நிறுத்தச் சொன்ன மாத்திரை

"டப்பாவை நிரப்பிட்டியா?" என்று ஞாயிறுதோறும் என் கணவர் கேட்பார்.

"நிரப்பியாச்சு. முழுங்குற வேலையாவது நீங்க பாருங்க."

"நீ இல்லேன்னா எனக்கு இன்னைக்கு என்ன கிழமைன்னே தெரியாதுடி" என்று சிரிப்பார்.

வக்கீல் சார், வரிசையாகவே சொல்கிறேன். அது ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா. கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் நான். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்துப் போடுவது என் பொறுப்பு. எது எதற்கென்று அவர் கேட்டதே இல்லை.

கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் மாதம் தொடை வலி வந்தது. படியேற என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெளியூர் மாற்றலைத் தள்ளிப்போட்டார். இருபது வருஷத்தில் அவர் சாயங்காலம் முழுக்க வீட்டில் இருந்தது அப்போதுதான்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், தசை பாதிக்கப்படுகிறது, இதை உடனே நிறுத்துங்கள் என்று வேறு மாத்திரை எழுதினார். பத்தே நாளில் வலி விட்டது. அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். மாற்றலான ஊருக்குத் தனியாகத்தான் போகிறேன் என்றார்.

அந்த ஞாயிறு டப்பாவில் பழைய மாத்திரையையே போட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். வலி வரத் தாமதமானதால் ராத்திரிக்கும் ஒன்று சேர்த்தேன். டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை சார். கொஞ்சம் கால் வலி, அவ்வளவுதான் நினைத்தேன்.

அவருக்குச் சிறுநீர் கறுத்துப் போனபோது, தசை கரைந்து சிறுநீரகத்தில் இறங்குகிறது என்று மருந்துக்கடையில் நின்ற எனக்குத் தெரியும். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று மூன்று நாள் ஓட்டினேன். நான்காம் நாள் சிறுநீரகம் நின்றுவிட்டது.

இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். டாக்டர் மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட உங்களிடம் வந்தார். கேஸ் பலமாக இருக்கிறது, டப்பாவில் மிச்சமிருப்பதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றீர்கள். டாக்டர் எழுதிய சீட்டில் தப்பில்லை. போட்டது நான்.

நேற்று அவரிடமே சொல்லிவிட்டேன். திட்டவில்லை.

"அப்படி என்னதான் வேணும் உனக்கு?" என்றார்.

இருபது வருஷமாகக் கேட்காமலே விட்டதை அப்போதுதான் கேட்டேன்.

"என்னங்க, போற ஊருக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன்."